குதுப் மினார்: வரலாறும் சுற்றிப் பார்க்கும் முறையும் – முழுமையான வழிகாட்டி

டெல்லியில் வேலைக்கு வந்து சேர்ந்தால் ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு நாம்தான் சுற்றுலா வழிகாட்டி. அந்த வகையில் குதுப் மினாருக்கு மட்டும் பத்துப் பதினைந்து தடவை போயிருப்பேன். முதல் தடவை இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. அண்ணாந்து பார்த்தேன், மினாரின் நுனியைக் கிள்ளுகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்தேன், தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். இப்போது குறைந்தது இரண்டரை மணி நேரமாவது ஆகிறது. காரணம், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பது பிடிபட்டுவிட்டது.

மினாரை ஒரு ராஜா கட்டி முடித்த ஒரே கட்டிடம் என்று நினைத்துப் பார்த்தால் அதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒருவர் தொடங்கினார், மருமகன் உயர்த்தினார், இடி விழுந்தது, இன்னொருவர் மாற்றிக் கட்டினார், நிலநடுக்கம் வந்தது, வெள்ளைக்காரர் ஒருவர் தன் பங்குக்குத் தலையில் ஒரு தொப்பி வைத்தார். இத்தனை கைகளும் கல்லில் தனித்தனியாகத் தெரிகின்றன. அவற்றைக் கண்டுபிடிப்பதுதான் இங்கே வேலை.

கிளம்பும் முன்: எப்போது, எப்படி

பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். அக்டோபர் முதல் பாதியும் பரவாயில்லை. தீபாவளியை ஒட்டிப் புகைமூட்டம் தொடங்கிவிடும், டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் காலைப் பனியில் மினாரின் மேல்பாதியே காணாமல் போகும். மே, ஜூன் வேண்டவே வேண்டாம். வெயில் 45 டிகிரியைத் தொடும் நாளில் சிவப்புக் கல் அடுப்பு மாதிரி கொதிக்கும், திறந்த வெளியில் ஒதுங்க நிழல் குறைவு.

நேரம் என்று கேட்டால் காலையில் திறந்தவுடன். ஏழு மணிக்குள் உள்ளே இருந்தால் முதல் ஒரு மணி நேரம் வளாகம் கிட்டத்தட்ட உங்களுடையது. கிளிக் கூட்டம் கல் இடுக்குகளில் சத்தம் போடுவதைக் கேட்கலாம். ஒன்பதரைக்குப் பிறகு பள்ளிக்கூடப் பேருந்துகள் வந்துவிடும். வாரத்தின் எல்லா நாளும் திறந்திருக்கும், வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது தாஜ் மகாலுக்கு. மாலையில் விளக்குப் போட்டதும் அழகாகத்தான் இருக்கும், ஆனால் இந்த வழிகாட்டியில் சொல்லும் கல் நுணுக்கங்கள் அந்த வெளிச்சத்தில் தெரியாது.

போவதற்கு மெட்ரோதான் சுகம். மஞ்சள் தடத்தில் 'குதுப் மினார்' என்றே ஒரு நிலையம் இருக்கிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், ஜி.டி. எக்ஸ்பிரஸ் போன்றவற்றில் புது டெல்லி நிலையத்தில் இறங்குகிறவர்கள் அங்கேயே மஞ்சள் தடத்தைப் பிடித்தால் வண்டி மாற வேண்டியதில்லை, முக்கால் மணிக்குள் வந்துவிடலாம். நிஜாமுதீனில் இறங்கினால் இளஞ்சிவப்புத் தடத்தில் ஐ.என்.ஏ. வரை வந்து மஞ்சளுக்கு மாறுங்கள். நிலையத்தின் பெயரை நம்பி வாசலில் மினார் நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், அங்கிருந்து ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் இருக்கிறது. ஆட்டோவில் ஏறும் முன்பே வாடகையைப் பேசிவிடுங்கள். "வழியில் ஒரு நல்ல கைவினைக் கடை இருக்கிறது, ஐந்து நிமிடம்தான்" என்று ஓட்டுநர் ஆரம்பித்தால் "வேண்டாம், நேராகப் போங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். என் சித்தி ஒரு தடவை அந்த ஐந்து நிமிடத்தில் நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு சால்வை வாங்கினார். சென்னையில் அதை உடுத்த இன்னும் குளிர் வரவில்லை.

டிக்கெட்டைப் போனிலேயே எடுத்துவிடுவது மேல். நான் கடைசியாகப் போனபோது இந்தியர்களுக்கு 40 ரூபாய், ஆன்லைனில் 5 ரூபாய் குறைவு. வெளிநாட்டவர்களுக்கு 600 ரூபாய் அளவில். பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இலவசம். இலங்கையிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க: சார்க் நாடுகளின் குடிமக்களுக்கு இந்தியர்களுக்கான கட்டணமே, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. தண்ணீர் பாட்டில் கொண்டுபோகலாம், புளியோதரைப் பொட்டலத்தை வாசலிலேயே முடித்துவிடுங்கள். கேமராவுக்கு முக்காலி கொண்டுவந்தால் தனி அனுமதி கேட்பார்கள்.

முதலில் தூரத்தில் நின்று பாருங்கள்

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் மினாரின் அடிக்கு ஓடுவார்கள். நீங்கள் புல்வெளியிலேயே நில்லுங்கள். கிட்டே போனால் முதல் தளம் மேலே உள்ளதையெல்லாம் மறைத்துவிடும்.

உயரம் 72.5 மீட்டர். என் சித்தப்பா பார்த்தவுடன் கேட்டார், "ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை விடப் பெரிசாடா?" நல்ல கேள்விதான். இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரம். ஆனால் ராஜகோபுரம் அந்த உயரத்தை எட்டியது 1987-இல், இது பதினான்காம் நூற்றாண்டிலேயே. "சரி, அப்ப மரியாதை குடுக்க வேண்டியதுதான்" என்றார்.

அடியில் விட்டம் 14.32 மீட்டர். நுனியில் வெறும் 2.75 மீட்டர். இப்படிக் குறுகிக்கொண்டே போவதால் உண்மையான உயரத்தை விட அதிகமாகத் தெரிகிறது. உள்ளே 379 படிகள். கொஞ்சம் சாய்ந்தும் இருக்கிறது, நேர்கோட்டிலிருந்து சுமார் 65 செ.மீ. விலகல். கண்ணுக்குத் தெரியாது, யாராவது "எனக்குத் தெரிகிறது" என்றால் நம்பாதீர்கள்.

இணையத்தில் பல இடங்களில் இதை 'உலகின் மிக உயரமான செங்கல் மினார்' என்று எழுதி வைத்திருப்பார்கள். செங்கல்லை இங்கே நான் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். கண்ணில் படுவதெல்லாம் சிவப்பும் மஞ்சளுமான மணற்கல், மேலே கொஞ்சம் பளிங்கு.

தளம் தளமாக வாசியுங்கள்

இப்போது கீழிருந்து மேலே வாருங்கள். ஐந்து தளங்கள். ஒவ்வொன்றின் உடம்பும் வேறு.

முதல் தளத்தின் சுவரில் உருண்டையான பட்டையும் கூர்மையான பட்டையும் மாறி மாறி வரும். இரண்டாவதில் எல்லாமே உருண்டை. மூன்றாவதில் எல்லாமே கூர், மேலிருந்து பார்த்தால் நட்சத்திரம் மாதிரி இருக்கும். நான்காவது தளத்துக்கு வந்ததும் பட்டைகளே காணோம், வழவழவென்று வட்டம், வெள்ளைப் பளிங்கு தொடங்குகிறது. அந்த இடத்தில்தான் ஆள் மாறியிருக்கிறார்.

தொடங்கியவர் குதுபுதீன் ஐபக். கோர் நாட்டு முகமதுவின் அடிமையாக இருந்து தளபதியானவர். 1192-இல் தராயின் போரில் பிருத்விராஜ் தோற்றபின் டெல்லிப் பகுதி இவர் பொறுப்புக்கு வந்தது. 1199 வாக்கில் மினார் வேலை தொடங்கியது. ஆப்கானிஸ்தானில் ஜாம் என்ற இடத்தில் கோர் மன்னர்கள் எழுப்பிய மினார் இதற்கு அண்ணன் முறை. அது சுமார் 65 மீட்டர், இன்றும் ஆற்றோரம் தனியாக நிற்கிறது. ஐபக்கால் முதல் தளத்துக்கு மேல் போக முடியவில்லை. 1210-இல் லாகூரில் குதிரை மேல் பந்தாடும்போது விழுந்து இறந்தார்.

மருமகன் இல்துத்மிஷ் அடுத்த தளங்களை ஏற்றினார். இவரும் அடிமையாக விற்கப்பட்டு வந்தவர்தான். மினாருக்குப் பெயர் ஐபக்கால் வந்தது என்பது ஒரு கட்சி, மினாரை ஒட்டிய மெஹ்ரௌலிப் பகுதியில் அடங்கியிருக்கும் சூஃபி பெரியவர் குதுபுதீன் பக்தியார் காக்கியால் வந்தது என்பது இன்னொரு கட்சி. உள்ளூர்க்காரர்கள் இரண்டாவதைத்தான் சொல்வார்கள்.

பிறகு இடி. பதினான்காம் நூற்றாண்டில், ஃபிரோஸ் ஷா துக்ளக் காலத்தில் மின்னல் தாக்கி மேல்பகுதி சேதமானது. ஃபிரோஸ் அதைச் சரிசெய்து நான்காவது, ஐந்தாவது தளங்களாக மாற்றிக் கட்டினார். நீங்கள் பார்த்த பளிங்கு அவர் வைத்தது. இந்த வேலையைப் பற்றி மினாரிலேயே நாகரி எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. விக்கிரம ஆண்டு 1426, அதாவது 1369-ஐ ஒட்டி. விஸ்வகர்மாவின் அருளைச் சொல்லி, வேலை பார்த்த ஸ்தபதிகள் நானா, சால்ஹா என்று பெயர் பொறித்திருக்கிறார்கள். சுல்தானின் மினாரில், குர்ஆன் வசனங்கள் ஓடும் அதே கட்டிடத்தில், இரண்டு ஆசாரிகள் தங்கள் குலதெய்வத்தின் பேரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கீழே நின்று வெறும் கண்ணால் தேடினால் அகப்படாது. ஆனால் அது மேலே எங்கோ இருக்கிறது என்று தெரிந்து பார்ப்பதே எனக்குப் போதும்.

இனி அடிக்குப் போங்கள். முதல் தளத்தைச் சுற்றி எழுத்துப் பட்டைகள் ஓடுவது தெரியும். வளைந்து வளைந்து போகும் எழுத்துக்கு இடையே கொடியும் பூவுமாகச் செதுக்கல். கழுத்தை நிமிர்த்தி முதல் உப்பரிகையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் குழிகள் அடுக்கடுக்காக இறங்கும். போனில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு குழியிலும் உளி வேலை தெரியும். இந்த ஒரு இடத்தில் ஐந்து நிமிடமாவது நின்றால் தப்பில்லை.

ஏன் ஏற முடியாது?

கதவு பூட்டியிருக்கும், எல்லோரும் கேட்கும் கேள்வி இது. 1981 டிசம்பர் 4 வரை முதல் உப்பரிகை வரைக்கும் மக்களை ஏறவிட்டார்கள். அன்று உள்ளே மின்விளக்கு அணைந்தது. குறுகிய படிக்கட்டில், இருட்டில், நெரிசல். 45 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகள். அதோடு மூடியதுதான். "தெரிந்த ஆள் இருந்தால் விடுவார்கள்" என்று யாராவது காசு கேட்டால் விலகிப் போய்விடுங்கள்.

அலாய் தர்வாசா: இங்கே நம் ஊர்க் கதையும் கலந்திருக்கிறது

மினாருக்குப் பக்கத்தில் சிவப்புக் கல்லும் வெள்ளைப் பளிங்குமாகச் சதுரமாக ஒரு வாசல் மண்டபம் நிற்கும். 1311-இல் அலாவுதீன் கில்ஜி கட்டியது. வளைவின் உள்விளிம்பில் தாமரை மொட்டுகளைக் கோத்துவிட்ட மாதிரி ஒரு வரிசை. என் கணக்கில் வளாகத்திலேயே அழகான கட்டிடம் இதுதான், மினார் கோபித்துக்கொண்டாலும் சரி.

1311 என்ற வருடம் மதுரைக்காரர்களுக்கு வேறு விதமாக ஞாபகம் இருக்கும். பாண்டிய சகோதரர்கள் சண்டையிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மாலிக் காஃபூர் தெற்கே இறங்கி மதுரை வரை வந்து போன வருடம் அது. அலாவுதீனின் தளபதிதான் அவர். ஐந்நூறுக்கும் மேற்பட்ட யானைகள், குதிரைகள், பெட்டி பெட்டியாக நகைகளோடு அந்த ஆண்டின் பிற்பகுதியில் டெல்லி திரும்பினார் என்று அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரோ எழுதி வைத்திருக்கிறார். வாசல் எழும்பிய அதே வருடம், அதே அரசன். நான் இதைச் சொன்னதும் சித்தப்பா மண்டபத்துக்குள் நின்று சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். "அப்போ வட்டிக்கு இதையாவது நல்லாப் பாத்துட்டுப் போவோம்" என்று உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே நின்று மேலே பாருங்கள். குவிமாடம். சதுர அறையின் மேல் வட்டக் கூரையை எப்படி உட்கார வைத்தார்கள் என்பதற்கு விடை மூலைகளில் இருக்கிறது: ஒவ்வொரு மூலையிலும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சின்ன வளைவுகள் சரிந்து எட்டு முகமாக்குகின்றன. வளைவின் கற்கள் ஆப்பு மாதிரி வெட்டப்பட்டு ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. இந்தக் கல் இணைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த இடத்தில் தேவைப்படும்.

முற்றம்: தூண்களும் பெரிய வளைவுகளும்

பக்கத்தில் இருப்பது குவ்வத்-உல்-இஸ்லாம் மசூதி. கிழக்கு வாசல் கல்வெட்டே சொல்கிறது, 27 கோயில்களை இடித்த பொருளால் இது கட்டப்பட்டது என்று. இந்து, சமணக் கோயில்கள். நம் ஊர் ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். பிராகாரத்தில் நுழைந்த உணர்வு தானாக வரும். சங்கிலியில் தொங்கும் மணி, பூரண கும்பம், பூவேலை எல்லாம் தூண்களில் அப்படியே இருக்கின்றன. முகங்கள் மட்டும் கொத்தப்பட்டிருக்கும். ஒரு தூண் உயரம் போதாமல் இன்னொரு தூணை மேலே ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். ஒட்டுப்போட்ட இடத்தைப் பாருங்கள், இரண்டு பாதியும் வேறு வேறு கோயில் என்பது வேலைப்பாட்டிலேயே தெரியும். சிலர் இங்கே கோபப்படுவார்கள், சிலர் பேசாமல் இருப்பார்கள். நான் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. கல்வெட்டு ஒளிக்காமல் எழுதியதை நாமும் ஒளிக்காமல் பார்த்தால் போதும்.

மேற்கே உயரமான வளைவுகளின் வரிசை. நடு வளைவு சுமார் 16 மீட்டர் உயரம். ஐபக் காலத்தில் எழுப்பியது. இப்போது அலாய் தர்வாசாவில் பார்த்ததோடு ஒப்பிடுங்கள். இங்கே கற்கள் ஆப்பு மாதிரி இல்லை. படுக்கையாக அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் கீழ் வரிசையை விடக் கொஞ்சம் வெளியே நீட்டி, இரண்டு பக்கமும் மேலே சந்திக்க வைத்திருக்கிறார்கள். பார்வைக்கு வளைவு, உள்ளுக்குள் கோயில் கட்டுகிறவர்களின் பழைய உத்தி. வரைபடம் கேட்டவர்களுடையது, கை உள்ளூர் ஆசாரிகளுடையது. ஆப்புக்கல் வளைவு இங்கே வேரூன்ற இன்னும் தொண்ணூறு வருடம் போக வேண்டியிருந்தது.

இரும்புத் தூண்

வளைவுகளுக்கு முன்னால் கம்பி வேலிக்குள் நிற்கும். இதை முதுகால் அணைத்துக் கையைச் சேர்த்தால் நினைத்தது நடக்கும் என்ற நம்பிக்கையால் தேய்ந்து பளபளத்துப் போனதால் 1997-இல் வேலி போட்டார்கள். எங்கள் அப்பா தொண்ணூறுக்கு முன்பே வந்து கட்டிப்பிடித்தவர். என்ன நினைத்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

உயரம் சுமார் 7.2 மீட்டர், எடை ஆறு டன் அளவில். இதற்கும் மினாருக்கும் சம்பந்தமில்லை, மினாரை விட எண்ணூறு ஆண்டு மூத்தது. சந்திரன் என்ற மன்னனைப் புகழ்ந்து பிராமி எழுத்தில், சமஸ்கிருதத்தில் ஆறு வரிகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. குப்த அரசன் இரண்டாம் சந்திரகுப்தன் என்பது பெரும்பாலோர் ஏற்ற கருத்து. விஷ்ணுபதம் என்ற மலையில் விஷ்ணுவின் கொடிமரமாக நட்டது என்கிறது. அவனுடைய வீரத்தின் காற்றால் தென்கடல் இன்னும் மணக்கிறது என்றும் ஒரு வரி. கவிஞருக்குத் தென்கடல் எவ்வளவு தூரம் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

துரு ஏன் பிடிக்கவில்லை? மந்திரமும் இல்லை, வேற்றுக்கிரகமும் இல்லை. அந்தக் கால உலையில் மரக்கரியோடு உருக்காமல் பிரித்தெடுத்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் தங்கியது. இன்றைய இரும்பில் அதை நாம் குறையாகக் கருதி நீக்கிவிடுகிறோம். அந்தப் பாஸ்பரஸின் துணையால் மேற்பரப்பில் முடியை விட மெல்லிய ஒரு படலம் உருவாகி, உள்ளே இருக்கும் இரும்பைக் காத்து நிற்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் பல ஆண்டுகள் ஆராய்ந்து விளக்கியது இது. டெல்லியின் வறண்ட காற்றும் உதவி செய்தது. இடுப்புக்கு மேலே, நல்ல உயரத்தில், குண்டு பட்ட மாதிரி ஒரு பள்ளம் தெரியும். பீரங்கியால் சுட்டுப் பார்த்த தடம் என்பார்கள்.

வழிகாட்டி வைத்துக்கொள்வதா என்று கேட்டால், உரிம அட்டை காட்டுகிறவரை மட்டும். ஒரு தடவை வாசலில் கிடைத்த ஒருவர் இந்தத் தூண் ஏழடி மண்ணுக்குள் போய் வாசுகிப் பாம்பின் தலையில் நிற்கிறது என்று சத்தியம் செய்தார். கதை நன்றாகவே இருந்தது, பழைய கதைதான். ஆனால் முந்நூறு ரூபாய்க்கு வருடம் ஒன்றைக்கூட அவர் சரியாகச் சொல்லவில்லை.

இல்துத்மிஷ் கல்லறை

வடமேற்கு மூலை. 1235-ஐ ஒட்டிக் கட்டியது. கூரை இல்லை, வானம்தான். உள்சுவர் முழுவதும் ஒரு சாண் இடம் விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். குவிமாடம் கட்டியிருந்து அது விழுந்துவிட்டது என்கிறார்கள். காரணத்தை இப்போது நீங்களே ஊகிக்கலாம்: கல்லை வெளியே வெளியே நீட்டி அடுக்கும் முறையில் இவ்வளவு அகலமான அறையை மூடுவது கஷ்டம். மூலைகளைப் பாருங்கள், அலாய் தர்வாசாவில் கண்ட அதே முயற்சி இங்கே தடுமாறிக்கொண்டு தொடங்குகிறது. எழுபத்தைந்து வருடம் கழித்துத்தான் அங்கே கை பழகியிருக்கிறது. அதனால்தான் முதலில் வாசலைப் பார்க்கச் சொன்னேன்.

காலை வெயில் மேலிருந்து நேராகப் பளிங்குக் கல்லறை மேல் விழும்போது இங்கே நல்ல படம் கிடைக்கும்.

அலாய் மினார்: நின்றுபோன பேராசை

வடக்கே கரடுமுரடாக ஒரு கல் குன்று மாதிரி நிற்கும். சின்னப் பிள்ளைகள் இதைத்தான் முதலில் கேட்பார்கள், "இது என்னப்பா இடிஞ்சு கிடக்கு?" இடியவில்லை, எழும்பவே இல்லை. குதுப் மினாரைப் போல இரண்டு மடங்கு பெரிதாகக் கட்ட அலாவுதீனுக்கு ஆசை. சுமார் 25 மீட்டர் வரை உள்ளுடல் மட்டும் ஏறியது. மேலே பதிக்க வேண்டிய கல் வரவில்லை. 1316-இல் அவர் இறந்தார், அடுத்து யாரும் தொடவில்லை.

மொராக்கோ பயணி இப்ன் பதூதா 1334-இல் டெல்லிக்கு வந்து இதைப் பார்த்தார். மூன்று யானைகள் பக்கம் பக்கமாக ஏறலாம் என்று எழுதினார், ஆனால் கட்டியவர் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டார். இதே மனிதர் சில வருடம் கழித்து இலங்கை வழியாக மதுரைக்கும் வந்தார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுதீனுக்கு இவர் சகலை முறை: டெல்லியில் இப்ன் பதூதா மணந்த பெண்ணும் மதுரை சுல்தானின் மனைவியும் அக்கா தங்கை. உறவுக்காரர் வீட்டுக்குப் போன மாதிரிதான் போனார், அங்கே கண்ட கொடுமைகளைப் பார்த்து வெறுத்துப்போய் எழுதினார்.

கிளம்பும் வழியில் ஒரு தொப்பி

வெளியே வரும்போது தென்கிழக்குப் புல்வெளியில் தனியாக ஒரு கல் சத்திரி, அதாவது தூண்கள் மேல் குடை மாதிரிக் கூரை வைத்த சின்ன மண்டபம், இருக்கும். பெரும்பாலோர் அதில் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு போய்விடுவார்கள். இதுதான் அந்தத் தொப்பி. 1803 நிலநடுக்கத்தில் மினாரின் உச்சி விழுந்தது. 1828-இல் பழுது பார்த்த மேஜர் ராபர்ட் ஸ்மித், பழையது எப்படி இருந்தது என்று தெரியாமல் வங்காள பாணியில் இதைச் செய்து மேலே வைத்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். 1848-இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் இறக்கச் சொல்லிவிட்டார். கட்டிய மனிதரின் பெயரைச் சேர்த்து 'ஸ்மித்தின் மடத்தனம்' என்றே இன்றும் அழைக்கிறார்கள். பாவம், மற்ற வேலையையெல்லாம் ஒழுங்காகச் செய்தவர்.

அங்கே உட்கார்ந்து மினாரைத் திரும்பிப் பாருங்கள். விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள் அடிக்கடி மினாரின் பின்னால் போகும். நிறைய பேர் இதற்காகவே போனைத் தூக்கிக் காத்திருப்பார்கள். பொறுமை இருந்தால் கால் மணி நேரத்தில் ஒன்று அகப்படும்.

நேரம் மிச்சமிருந்தால்

வளாகத்தை ஒட்டியே மெஹ்ரௌலி தொல்லியல் பூங்கா. நுழைவுக் கட்டணம் இல்லை. மரங்களுக்கு நடுவே நடந்தால் பல்பன் கல்லறை வரும், 1287 வாக்கில் கட்டியது. பார்க்கச் சாதாரண இடிபாடுதான். ஆனால் ஆப்புக்கல் வைத்த உண்மையான வளைவு இந்தியாவில் முதன்முதலில் வருவது இங்கே என்கிறார்கள். காலையில் பார்த்த ஐபக்கின் வளைவுக்கும் அலாய் தர்வாசாவுக்கும் நடுவில் விட்டுப்போன படி இதுதான். பக்கத்தில் ஜமாலி கமாலி மசூதியும், ராஜோன் கி பாவ்லி என்ற படிக்கிணறும் இருக்கின்றன. ஜமாலி கமாலி மசூதியை ஒட்டிய கல்லறை அறை பூட்டியிருந்தால் காவலாளியிடம் தன்மையாகக் கேளுங்கள், சில நாள் திறந்து காட்டுவார். பூங்காவில் தனியாகப் போகிறவர்கள் இருட்டும் முன் வெளியே வந்துவிடுங்கள், உள்ளே வழி பிரிந்து பிரிந்து போகும்.

பெரியவர்களோடு போனால் பூங்காவை விட்டுவிட்டு ஆர்.கே. புரம் மலை மந்திருக்கு ஆட்டோ பிடியுங்கள். சுவாமிநாத சுவாமி கோயில், குன்றின் மேல். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலை ஏழுக்கு மினார், பத்தரைக்குள் கோயில் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும். சித்தப்பாவோடு போன அன்று எல்லாவற்றையும் நின்று நின்று பார்த்ததில் நேரமாகிவிட்டது. நாங்கள் படி ஏறும்போது நடை சாத்திக்கொண்டிருந்தார்கள். "ஸ்மித் தொப்பியில அவ்வளவு நேரம் உக்காந்திருக்க வேணாம்டா" என்று இன்னும் போனில் சொல்லிக் காட்டுகிறார்.